முதுமையில் மனச்சோர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபது வயதைக் கடந்தவர்களுக்காகவும் அவர்களோடு வாழ்பவர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு ஈடாகமாட்டா. பரிசோதனைக்குப் போகலாமா, வேண்டாமா என்று தயங்கி நிற்பவர்களுக்கு உதவக்கூடும்.

வயதானால் மனம் சோர்ந்துபோவது இயல்புதானே?

இல்லை. முதியவர்களின் மனச்சோர்வு ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போவதற்கு இந்த எண்ணமே முதல் காரணம். பிள்ளைகள் மட்டுமல்லாமல் சில மருத்துவர்களும், பாதிக்கப்பட்ட முதியவரும்கூட, ‘இந்த வயதில் வேறு எப்படி இருக்கும்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தம் வீடுகளில் வாழும் முதியவர்களில் தீவிர மனச்சோர்வு நோய் உள்ளவர்கள் பெரும்பாலான கணக்கெடுப்புகளில் 100-க்கு 1 முதல் 5 பேர்தான். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடமும், பிறர் உதவியின்றி அன்றாட வேலைகளைச் செய்ய இயலாதவர்களிடமும்தான் இந்த எண்ணிக்கை 10-ஐத் தாண்டுகிறது. நோய் என்று பெயரிடும் அளவை எட்டாவிட்டாலும் வாழ்க்கையைக் குலைக்கும் அறிகுறிகளோடு இருப்பவர்கள் இவர்களைவிட அதிகம். அவர்களையும் புறக்கணிக்க முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உடல்நோய், இயலாமை, துணையின் இழப்பு, பொருளாதார நெருக்கடி ஆகியவற்றைக் கணக்கில் கொண்டுவிட்டால், வயதுக்கும் மனச்சோர்வுக்கும் இடையே இருப்பதாகத் தோன்றும் தொடர்பு பெருமளவு மறைந்துவிடுகிறது. அதாவது, மனச்சோர்வைக் கொண்டுவருவது முதுமை அன்று. முதுமையின் கூடவே வந்து சேர்பவை. முதுமையை மாற்ற முடியாது என்றாலும், கூடவே வருபவற்றில் பலவற்றுக்கு வழி செய்யலாம்.

சாதாரண வருத்தம் எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது?

மருத்துவர்கள் பின்பற்றும் வரையறையில் ஒன்பது அறிகுறிகள் உள்ளன. நாள் முழுதும் நீடிக்கும் மனத்தாழ்வும், முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டமின்மையும் அவற்றில் முதன்மையானவை. பசி அல்லது எடையில் மாற்றம், தூக்கக் கோளாறு, அசைவிலும் சிந்தனையிலும் மந்தம் அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, களைப்பு, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம், கவனச் சிதறல், சாவைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் நினைவு ஆகியவை மற்ற ஏழு. முதன்மையான இரண்டில் ஒன்றாவது இருந்து, மொத்தத்தில் ஐந்து அறிகுறிகளாவது இரண்டு வாரம் தொடர்ந்து நீடித்து, அன்றாட வாழ்க்கையையும் பாதித்தால் அதைத் தீவிர மனச்சோர்வு என்கிறார்கள்.

வருத்தத்தில் இருப்பவர், பிடித்த ஒருவர் வந்தால் சிறிது நேரமாவது முகம் மலர்வார். வருத்தத்தின் காரணத்தையும் பெரும்பாலும் சொல்லிவிடுவார். மனச்சோர்வில் இருப்பவருக்கு அந்த மலர்ச்சி வருவதில்லை, அல்லது வந்த வேகத்தில் போய்விடுகிறது. இந்த வேறுபாட்டை வீட்டிலிருப்பவர்களே கவனித்துவிடலாம்.

எங்கள் அப்பா அழுவதில்லை, ‘கவலையாக இருக்கிறது’ என்று சொல்வதும் இல்லை. அவருக்கு மனச்சோர்வு இருக்க முடியுமா?

முடியும். முதியவர்களிடம் இந்த நோய் பல நேரங்களில் வருத்தத்தின் முகத்தோடு வருவதில்லை. ‘எனக்கு ஒன்றுமில்லை, உடம்புக்குத்தான் முடியவில்லை’ என்பார்கள். தீராத முதுகுவலி, தலைபாரம், மலச்சிக்கல், நெஞ்சில் ஒரு கனம், காரணம் பிடிபடாத களைப்பு என்று ஒவ்வொரு துறை மருத்துவராகப் பார்த்துவருவார்கள். எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருக்கும். வலி மட்டும் குறையாது. அந்த வலி பொய்யல்ல. மனச்சோர்வு வலியை உணரும் விதத்தையே மாற்றிவிடுகிறது.

சிலரிடம் எரிச்சலாகவும் பிடிவாதமாகவும் வெளிப்படும். சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், நாளிதழைப் பிரிக்காமலே வைத்துவிடுவார்கள், குளிப்பதைத் தள்ளிப்போடுவார்கள், மாத்திரைகளைத் தவறவிடுவார்கள். இன்னும் சிலருக்கு விடியலுக்கு முன்பே விழிப்பு வந்து, காலையில் மனம் மிகவும் கனத்திருந்து, மாலையில் சற்றே தெளியும். ‘நான் உங்களுக்கெல்லாம் பாரம்’ என்று ஒரு முதியவர் அடிக்கடி சொன்னால், அதற்கு ‘அப்படியெல்லாம் பேசாதீர்கள்’ என்று வாயடைப்பது போதாது. அந்தச் சொற்களை ஓர் அறிகுறியாகவே கொள்ள வேண்டும்.

யாருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்?

சமூகத்தில் வாழும் முதியவர்களைப் பின்தொடர்ந்த பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து, 2003-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு ஐந்து ஆபத்துக் காரணிகளைத் தெளிவாக அடையாளம் காட்டியது: நெருங்கியவரின் இறப்பு, தூக்கக் குறைபாடு, உடல் இயலாமை, முன்பே மனச்சோர்வு வந்திருப்பது, பெண்ணாக இருப்பது. இவற்றோடு நாட்பட்ட நோய்கள், நீங்காத வலி, பார்வைக் குறைவு, செவித்திறன் குறைவு, தனிமை, வறுமை, மதுப்பழக்கம், நோயுற்ற துணையை நெடுங்காலம் பராமரிப்பது, பிறரால் அவமதிக்கப்படுவது அல்லது கொடுமைப்படுத்தப்படுவது ஆகியவற்றையும் பின்னர் வந்த ஆய்வுகள் சுட்டுகின்றன.

இந்த ஐந்தில் தூக்கம் பலரையும் வியக்கவைக்கும். தூக்கம் கெடுவதை மனச்சோர்வின் விளைவாகவே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால் மனச்சோர்வு இல்லாத முதியவரிடம் நீடிக்கும் தூக்கமின்மை, பின்னால் வரப்போகும் மனச்சோர்வுக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கிறது. எனவே ‘வயதானால் தூக்கம் குறையும்’ என்று விட்டுவிடாமல், அதற்குத் தனியே சிகிச்சை பெறுவது நல்லது.

ஒரு காரணி மட்டும் இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, தேறி நிற்க அவகாசமின்றி அவை சேர்வதுதான் ஆளைச் சாய்க்கிறது. ஓர் இழப்பு எவ்வளவு பெரியது என்பதைவிட, அது ஒருவரின் நாளிலிருந்து எதை எடுத்துச் சென்றது என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து. மூட்டுவலி வந்தவருக்கு வலி ஒரு துன்பம்தான். ஆனால் அந்த வலியால் காலை நடையும், நடையில் சந்தித்த நண்பர்களும், அவர்களோடு பேசிய பேச்சும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. மனத்தைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது இழப்பே. மூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாவிட்டாலும், நண்பர்களை வீட்டுக்கு வரவழைக்க முடியும்.

எந்தெந்த உடல்நோய்கள் மனச்சோர்வோடு தொடர்புடையவை?

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் மனச்சோர்வு ஏற்படுகிறது. மாரடைப்புக்குப் பிறகு ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் தீவிர மனச்சோர்வு காணப்படுகிறது. அவர்களுக்கு அடுத்து வரும் மாதங்களில் இறப்பு அபாயமும் கூடுகிறது. பார்க்கின்சன் நோயில் மனச்சோர்வு மிகப் பரவலானது. கை நடுக்கம் தெரியத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அது தலைகாட்டுவதும் உண்டு. நீரிழிவு, புற்றுநோய், நாட்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகச் செயலிழப்பு, மூட்டுத் தேய்மானம் ஆகியவையும் இந்த வரிசையில் உள்ளன.

உறவு ஒருவழிப்பட்டதல்ல. உடல்நோய் மனத்தைச் சாய்க்கிறது. சாய்ந்த மனத்தால் மருந்து தவறுகிறது, உணவு குறைகிறது, நடமாட்டம் நிற்கிறது, உடல்நோய் முற்றுகிறது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், மனச்சோர்வு உள்ளவர்கள் மீண்டும் எழுந்து நடப்பதற்கு அதிக நாள் ஆவது இதனால்தான்.

மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதுபடுவதே சில முதியவர்களின் மனச்சோர்வுக்கு அடிப்படையாக இருக்கலாம் என்ற கருதுகோள் 1997-இல் முன்வைக்கப்பட்டது. உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் நெடுநாள் இருந்து, அறுபதுக்குப் பிறகு முதன்முறையாக மனச்சோர்வு வந்தவர்களிடம், மூளை ஸ்கேனில் வெண்பகுதி மாற்றங்கள் கூடுதலாகத் தென்படுகின்றன. இவர்களுக்கு அழுகையும் குற்றவுணர்வும் குறைவு; மந்தமும், எதையும் திட்டமிட்டுத் தொடங்க முடியாத நிலையும் அதிகம். குடும்பத்தார் இதைச் சோம்பல் என்று நினைத்துக் கடிந்துகொள்வது வேதனையானது.

பார்வையும் செவியும் தனியே சொல்லப்பட வேண்டியவை. காது மந்தமானவர் நான்கு பேர் கூடிப் பேசும் இடத்தில் பேச்சைப் பின்தொடர முடியாமல் முதலில் புன்னகைத்துச் சமாளிக்கிறார், பிறகு அந்த இடத்துக்கு வருவதையே நிறுத்திக்கொள்கிறார். காது கேட்கும் கருவியும் கண்புரை அறுவை சிகிச்சையும் மனநல சிகிச்சைப் பட்டியலில் எழுதப்படுவதில்லை. என்னைக் கேட்டால், எழுதப்பட வேண்டும்.

மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டும் நோய்களும் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, ரத்தத்தில் சோடியம் குறைவது, கால்சியம் கூடுவது ஆகியவை களைப்பையும் மந்தத்தையும் தருகின்றன. ஆகவே முதல்முறை மருத்துவரைப் பார்க்கும்போது ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

சாப்பிடும் மருந்துகளே மனச்சோர்வை உண்டாக்குமா?

சில மருந்துகள் உண்டாக்கக்கூடும். ஸ்டீராய்டு மாத்திரைகள் மனநிலையை இருபக்கமும் புரட்டக்கூடியவை. நெடுநாள் எடுக்கும் தூக்க மாத்திரைகளும் பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகளும் மந்தத்தையும் தடுமாற்றத்தையும் கூட்டுகின்றன. ரிசர்பின், மெத்தில்டோபா போன்ற பழைய ரத்த அழுத்த மருந்துகளுக்கும், சில வைரஸ் நோய்களுக்கும் புற்றுநோய்களுக்கும் தரப்படும் இன்டர்ஃபெரானுக்கும் இந்தப் பெயர் உண்டு. பீட்டா பிளாக்கர் வகை இதய மருந்துகளையும் நெடுங்காலம் இந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அண்மை ஆய்வுகளில் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை, ஆகவே அதற்கு அஞ்சி இதய மருந்தை நிறுத்துவது பேராபத்தில் முடியும். மருத்துவரிடம் போகும்போது எல்லா மருந்துகளையும், தாமாக வாங்கிச் சாப்பிடுபவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுவது சிறந்த வழி. எதையும் தாமாக நிறுத்தக் கூடாது.

துணையை இழந்த துக்கம் எப்போது நோயாகிறது?

துக்கத்துக்குக் கால அட்டவணை போட முடியாது. இறந்தவரின் குரல் கேட்பதுபோலத் தோன்றுவதும், திடீரென அழுகை பொங்குவதும், சில மாதங்கள் பசியும் தூக்கமும் கெடுவதும் நோயல்ல. துக்கம் அலையலையாக வந்து, இடையிடையே விலகியும் நிற்கும். இறந்தவரைப் பற்றிய இனிய நினைவுகளும் அதில் கலந்திருக்கும். மனச்சோர்வில் அந்த இடைவெளிகள் இல்லை. இழந்தவரை எண்ணி ஏங்குவதைவிட, தன்னையே வெறுப்பது முன்னுக்கு வருகிறது.

ஏக்கம் சற்றும் தணியாமல் நீண்டு, வாழ்க்கையே உறைந்துபோனால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று தனியே வகைப்படுத்துகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதற்கு 6 மாத எல்லையை வைத்துள்ளது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. ஆனால் தற்கொலை எண்ணமோ, உணவை அறவே ஒதுக்குவதோ இருந்தால் எந்த மாதக் கணக்கையும் பார்க்காமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

தனியாக வாழ்பவர்களுக்கெல்லாம் மனச்சோர்வு வருமா?

வராது. தனியே வாழ்வது வேறு, தனிமையை உணர்வது வேறு. தனி வீட்டில் நிறைவாக வாழ்பவர்கள் பலர் உண்டு. பத்துப் பேர் உள்ள வீட்டில் ஒரு நாளில் தம்மோடு பேச ஒருவர்கூட இல்லாத முதியவர்களும் உண்டு. முதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தனிமைக்கு ஆளாகியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆறில் ஒருவர் ஏதோ ஒருவகைக் கொடுமைக்கு, பெரும்பாலும் தம்மைப் பராமரிப்பவர்களாலேயே, உள்ளாகிறார் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்கு. அடி உதை மட்டும் கொடுமையல்ல. ஓய்வூதியத்தைப் பறித்துக்கொள்வதும், பேசாமல் ஒதுக்கிவைப்பதும் கொடுமையே. வீட்டார் உடனிருக்கும்போது முதியவர் இதைச் சொல்லமாட்டார் என்பதால், மருத்துவர் சில நிமிடங்களாவது அவரிடம் தனியே பேச வேண்டும்.

பணி ஓய்வு மனச்சோர்வைத் தருமா?

விரும்பிப் பெற்ற ஓய்வு பெரும்பாலும் தருவதில்லை. உடல்நலக் குறைவாலோ வேலையிழப்பாலோ திணிக்கப்பட்ட ஓய்வு தரக்கூடும். பணம் ஒரு காரணம். நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தந்த வேலை இல்லாமல் போவது மற்றொன்று.

மனைவியைக் கவனித்துக்கொள்ளும் கணவருக்கோ, கணவரைக் கவனித்துக்கொள்ளும் மனைவிக்கோ ஆபத்து உண்டா?

உண்டு, அதிலும் மறதிநோய் உள்ளவரைப் பராமரிப்பவருக்கு மிகுதியாக உண்டு. இரவுத் தூக்கம் உடைகிறது. வெளியே போக முடிவதில்லை. கண்ணெதிரே இருப்பவரையே சிறிது சிறிதாக இழக்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் எல்லோரும் நோயாளியின் நலத்தையே விசாரிக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் ‘நீங்கள் தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா’ என்று யாரும் கேட்பதில்லை. வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

மறதி கூடியிருக்கிறது. இது மனச்சோர்வா, டிமென்ஷியா எனப்படும் மறதிநோயா?

இரண்டையும் பிரித்தறிவது அனுபவமுள்ள மருத்துவர்களுக்கே சில நேரம் கடினம். பொதுவாக, மனச்சோர்வால் வரும் மறதி சில வாரங்களில் தொடங்கிவிடுகிறது. எப்போது தொடங்கியது என்று குடும்பத்தாரால் சொல்ல முடிகிறது. பாதிக்கப்பட்டவர் தம் மறதியைப் பற்றித் தாமே வருந்திச் சொல்கிறார்; கேள்வி கேட்டால் ‘தெரியவில்லை’ என்று முயலாமலே விட்டுவிடுகிறார். மறதிநோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வருகிறது. அவர் அதை உணர்வதில்லை, அல்லது மறைக்கிறார். தவறான விடையைத் தயங்காமல் சொல்கிறார். மனச்சோர்வு தணியும்போது அதனால் வந்த மறதியும் பெரும்பாலும் குறைகிறது.

ஆனாலும் அத்தோடு விட்டுவிடலாகாது. முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்கு மறதிநோயின் தொடக்க அடையாளமாக இருக்கிறது. ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த மறதிநோய் ஆணையம் 2024-இல் வெளியிட்ட, மாற்றத்தக்க 14 ஆபத்துக் காரணிகளில் மனச்சோர்வும் ஒன்று. செவித்திறன் குறைவும் சமூகத் தனிமையும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஆகவே தேறிய பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை நினைவாற்றல் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

ஓரிரு நாட்களுக்குள் திடீரென ஒருவர் மந்தமாகி, நேரம் இடம் புரியாமல், பேச்சுக் குழறினால் அது மனச்சோர்வும் அல்ல, மறதிநோயும் அல்ல. கிருமித்தொற்று, மருந்தின் விளைவு, உப்புச்சத்துக் குறைவு, பக்கவாதம் போன்ற ஏதோ ஒன்று இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மருத்துவர் இதை எப்படிக் கண்டறிகிறார்?

ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ மனச்சோர்வு தெரிவதில்லை. அவை வேறு நோய்களை விலக்கத்தான். பேசித்தான் கண்டறிய வேண்டும். முதியவர்களுக்கென்றே 1980-களின் தொடக்கத்தில் ஒரு வினாநிரல் உருவாக்கப்பட்டது. முதலில் 30 வினாக்களாக இருந்த அது, 1986-இல் 15 ஆகச் சுருக்கப்பட்டது. ‘ஆம்’, ‘இல்லை’ என்று விடை சொன்னால் போதும். மூட்டுவலியோ இதயநோயோ உள்ளவரின் களைப்பும் தூக்கமின்மையும் கணக்கைக் குழப்பிவிடும் என்பதால், உடல் அறிகுறிகளைப் பற்றிய வினாக்கள் அதில் தவிர்க்கப்பட்டுள்ளன. 15-க்கு 5-க்கு மேல் மதிப்பெண் வந்தால் விரிவான மதிப்பீடு தேவை. அந்த எண்ணை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்வதில்லை. மறதிநோய் முற்றியவர்களுக்கு, பராமரிப்பவரிடமும் கேட்டு நிரப்பும் வேறொரு அளவுகோல் உண்டு.

இந்த வயதில் சிகிச்சை பலன் தருமா?

தரும். அமெரிக்காவில் 18 மருத்துவ நிலையங்களில் 60 வயதைக் கடந்த 1801 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. அதில் ஒரு பிரிவினருக்கு, வழக்கமான மருத்துவரோடு, அவர்களைத் தொடர்ந்து கவனித்து, தொலைபேசியில் விசாரித்து, மருந்தையோ பேச்சுச் சிகிச்சையையோ தேவைக்கேற்ப மாற்றியமைக்க உதவும் ஒரு பராமரிப்பாளரும் மனநல மருத்துவரின் ஆலோசனையும் கிடைத்தன. ஓராண்டு முடிவில் இவர்களில் 45 சதவீதம் பேரிடம் அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தன. வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களிடம் அது 19 சதவீதமே. இரு பிரிவினருக்கும் கிடைக்கக்கூடிய மருந்துகள் ஒன்றுதான். விடாமல் பின்தொடர்ந்ததே வேறுபாடு. முதியவர்களின் சிகிச்சை தோற்பதற்கு, மருந்து எழுதிக் கொடுத்த பிறகு யாரும் திரும்பிக் கேட்காததே பெரும்பாலும் காரணமாகிறது.

மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோமா? பக்கவிளைவுகள் என்ன?

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள், தூக்க மாத்திரைகளைப்போல அளவை ஏற்றிக்கொண்டே போகவைக்கும் அடிமைத்தனத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், குமட்டல் வரலாம். ஆகவே படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். முதியவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். முதியவர்களில் சிலருக்கு 8 முதல் 12 வாரம்கூட ஆகும். இரண்டே வாரத்தில் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுவது பரவலாகக் காணப்படும் தவறு. தொடங்கிய சிறிய அளவிலேயே மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் அதற்கு இணையான தவறு, இது மருத்துவர் தரப்பில் நேர்வது.

முதியவர்களிடம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை சில. ரத்தத்தில் சோடியம் குறையலாம். பெரும்பாலும் முதல் சில வாரங்களில், அதிலும் ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்களிடம் இது நேர்கிறது. குழப்பம், தள்ளாட்டம், அளவுமீறிய சோர்வு தெரிந்தால் உடனே ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஆஸ்பிரினோ வலிநிவாரணிகளோ சேர்த்து எடுப்பவர்களுக்கு வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடுகிறது. கீழே விழும் வாய்ப்பும் சற்று அதிகரிக்கிறது. சிட்டலோபிராம் மருந்தை 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. இதயத் துடிப்பின் ஒழுங்கை அது பாதிக்கக்கூடும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் மலச்சிக்கல், சிறுநீர்த் தடை, குழப்பம் ஆகியவற்றைத் தருவதால் முதியவர்களுக்கு இயன்றவரை தவிர்க்கப்படுகின்றன.

மருந்து இல்லாமல் குணமாக முடியுமா?

மிதமான அளவில் இருந்தால் முடியும். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சை, சிக்கல்களைச் சிறு கூறுகளாக்கித் தீர்க்கக் கற்றுத்தரும் சிகிச்சை, கடந்தகால வாழ்வை முறையாக நினைவுகூரச் செய்யும் சிகிச்சை ஆகியவை முதியவர்களிடம் பலன் தருவதாகக் கண்டறியப்பட்டுள்ளன. ‘மனம் சரியானால் வெளியே போகிறேன்’ என்று காத்திருக்காமல், வெளியே போவதை முதலில் ஒரு கடமையாகத் திட்டமிட்டால் மனம் பின்னால் வரும் என்பது இவற்றுள் எளிமையான ஒரு முறையின் அடிப்படை. உடற்பயிற்சியும் அறிகுறிகளைக் குறைக்கிறது. உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சிகளும் இதில் சேரும். நோய் தீவிரமாக இருக்கும்போது மருந்தும் பேச்சும் சேர்ந்தே வேண்டியிருக்கும்.

மின் அதிர்ச்சி சிகிச்சை ஆபத்தானது இல்லையா?

திரைப்படங்கள் காட்டும் காட்சிக்கும் இன்றைய நடைமுறைக்கும் தொடர்பில்லை. மயக்க மருந்து கொடுத்து, தசைகளைத் தளர்த்தி, சில நிமிடங்களில் முடிக்கிறார்கள். உணவை மறுத்து உயிருக்கே ஆபத்தான நிலையிலும், இல்லாத குற்றங்களைச் செய்துவிட்டதாக நம்பும் அளவுக்கு நோய் முற்றிய நிலையிலும் இதுவே மிக விரைவாகப் பலன் தரும் சிகிச்சை. 60 வயதைக் கடந்த 240 பேரைக் கொண்ட, 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், இதை ஒரு மருந்தோடு சேர்த்துப் பெற்றவர்களில் 62 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் முற்றிலும் விலகின. தற்காலிக நினைவுக் குறைவு ஏற்படலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

‘போய்ச் சேர்ந்தால் போதும்’ என்று சொல்கிறார். எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

வாழ்ந்து முடித்த நிறைவில், சாவுக்கு அஞ்சவில்லை என்று சொல்வது ஒன்று. வாழ விருப்பமில்லாமல் சொல்வது வேறு. ஊகிக்காமல் கேட்டுவிடுவதே சரி: ‘உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?’ இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சுமந்துகொண்டிருந்ததை இறக்கிவைக்க அவருக்கு ஒரு வழி கிடைக்கிறது. உலகளவில் தற்கொலையால் இறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். முதியவர்களின் முயற்சிகள் இளையோரின் முயற்சிகளைவிட அதிக அளவில் மரணத்தில் முடிகின்றன. மனச்சோர்வு பெண்களிடம் அதிகம் காணப்பட்டாலும் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்களே அதிகம். துணையை இழந்த, உடல்நலம் குன்றிய, மது அருந்தும் முதிய ஆண்களிடம் மிகுந்த கவனம் தேவை.

சொத்துப் பத்திரங்களை அவசரமாக ஒழுங்குசெய்வது, விடைபெறுவதுபோலப் பேசுவது, மாத்திரைகளைச் சேர்த்துவைப்பது, நெடுநாள் தவிப்புக்குப் பின் திடீரென அமைதியாவது ஆகியவை எச்சரிக்கைகள். அவரைத் தனியே விடக் கூடாது; ஆபத்தான பொருட்களையும் தேவைக்கு மேற்பட்ட மருந்துகளையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றே மனநல மருத்துவரிடமோ மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ அழைத்துச்செல்ல வேண்டும். இதைப் படிப்பவருக்கே அந்த எண்ணம் இருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர உதவி எண்ணையோ அழையுங்கள்.

மனநல மருத்துவரிடம் வர மறுக்கிறார். என்ன செய்வது?

‘உங்களுக்கு மனநோய்’ என்று தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும். அவர் ஒப்புக்கொள்ளும் தொந்தரவிலிருந்து தொடங்குவதே வழி. ‘தூக்கம் சரியில்லை என்கிறீர்களே, அதற்காகப் பார்த்துவருவோம்’ என்றால் பெரும்பாலோர் இசைவார்கள். ஏற்கனவே ரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ பார்க்கும் குடும்ப மருத்துவரிடம் முன்கூட்டியே நிலைமையைச் சொல்லிவைக்கலாம். முதல்கட்ட சிகிச்சையை அவராலேயே தொடங்க முடியும். ஏமாற்றி அழைத்துப்போவது வேண்டாம். அது தெரியவரும்போது, மருந்தின்மேல் இருக்க வேண்டிய நம்பிக்கையும் சேர்ந்து போய்விடும்.

குணமான பிறகு மீண்டும் வருமா?

வரக்கூடும், முதியவர்களிடம் அந்த வாய்ப்பு கூடுதல். 70 வயதைக் கடந்து, சிகிச்சையால் தேறியவர்களை இரண்டாண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரைச் சற்றே தாண்டிய அளவினருக்கு நோய் திரும்பியது. மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை பெற்றவர்களிலோ பாதிக்கும் மேற்பட்டோருக்குத் திரும்பியது. ஆகவே அறிகுறிகள் விலகிய பிறகும் குறைந்தது 6 மாதம் முதல் ஓராண்டு வரை அதே அளவில் மருந்தைத் தொடரச் சொல்கிறார்கள். முன்பும் வந்திருந்தால் இன்னும் நீண்ட காலம் தேவைப்படும்.

நோய் திரும்பும்போது பெரும்பாலும் முன்பு வந்த வழியிலேயே வருகிறது. முதல்முறை அதிகாலை விழிப்பில் தொடங்கியவருக்கு மறுமுறையும் அதுவே முதலில் தெரியலாம். பேச்சைக் குறைத்துக்கொண்டவர் மீண்டும் அப்படியே குறைத்துக்கொள்ளலாம். அவரவர்க்குரிய அந்த முதல் அறிகுறிகள் இரண்டு மூன்றை, தேறியிருக்கும்போதே அவரும் வீட்டாருமாகச் சேர்ந்து ஒரு தாளில் எழுதி மருந்துச் சீட்டோடு வைத்துக்கொண்டால், அடுத்த முறை மாதக்கணக்கில் காத்திராமல் முதல் வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிடலாம்.